விலகிப் போனால் பேரபலம் கூடுமா?

(பொம்மசந்திராவில் நம் சங்க உறுப்பினர்களின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்றைய தலைப்பைப் பார்த்துவிட்டுச் சில தோழர்கள் கேட்டார்கள்: "பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகியதற்கும், இங்கே பொம்மசந்திராவில் லேத்து ஓட்டுகிறவனுக்கும் என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

2025 ஜூலை 24 அன்று பிரிட்டனும் இந்தியாவும் ஒரு வர்த்தக உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஒசூர் ரோட்டுத் தையல் ஆலைகளில் தைக்கப்படும் சட்டை, ஜிகணியில் கடையப்படும் இயந்திர உறுப்பு, நம் பேட்டையில் தயாராகும் மருந்து, பக்கத்து எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்படும் கம்ப்யூட்டர் இன்ஜினீயர், இந்த நான்கும் அந்த உடன்பாட்டுக்குள் இருக்கின்றன. பிரிட்டன் தனியாக வந்து இந்தியாவோடு பேரம் பேச உட்கார்ந்ததே, அது ஐரோப்பியக் கூட்டை விட்டு வெளியேறியதனால்தான். உள்ளே இருந்தவரையில் அது தனியாகப் பேச முடியாது. எல்லா நாடுகளுக்கும் சேர்த்து பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பியக் கமிஷன்தான் பேசும். ஆகவே அந்த விலகல் நம் வீட்டு அடுப்பு வரைக்கும் வந்திருக்கிறது.

பேரபலம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளை இங்கே இருக்கும் சகோதரிகள் மறந்திருக்க மாட்டார்கள். பிராவிடண்ட் பண்டில் முதலாளி போடும் பங்கை 58 வயது வரை எடுக்கக் கூடாது என்று மத்திய சர்க்கார் விதியை மாற்றியது. மகளின் கல்யாணத்துக்கும், ஊரில் ஓட்டு வீடு போடுவதற்கும், வேலை போன பிறகு ஆறு மாதம் சாப்பிடுவதற்கும் அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தோம். பொம்மனஹள்ளியில் தையல் ஆலைப் பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு ஒசூர் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். தலைவர்கள் கூப்பிட்டு வந்தவர்கள் அல்லர், தாமாக வந்தார்கள். மறுநாள் பீன்யா, ஜாலஹள்ளி, தும்கூர் ரோடு என்று நகரமே நின்றது. தடியடியும் நடந்தது, கல்வீச்சும் நடந்தது. 19ஆம் தேதி மாலைக்குள் சர்க்கார் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்தப் பெண்களில் ஒருத்தி மட்டும் தனியாக ஆபீசுக்குப் போய் "என் பணத்தைக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே சமயம் இன்னொன்றையும் நாம் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். டூல் ரூமில் டை செய்கிற கைதேர்ந்தவர் சில நேரம் தனியாகப் போய் நின்று, சங்கம் வாங்கித் தருவதைவிட அதிகமாக வாங்கிக்கொண்டு வருவதை நாம் பார்த்திருக்கிறோம். அவரைப் போல இன்னொருவர் அந்தப் பேட்டையில் கிடைக்க மாட்டார் என்பது முதலாளிக்குத் தெரியும். ஆகவே "தனியே போனால் தோற்பான்" என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. எதிரே இருப்பவனுக்கு நீ எவ்வளவு தேவை, பேச்சு முறிந்தால் யாருக்கு முதலில் வலிக்கும், யாரால் காத்திருக்க முடியும் – இந்த மூன்றும்தான் தராசு. நாடுகளுக்கும் இதே தராசுதான்.

அந்தப் போராட்டம் நடந்து இரண்டு மாதம் கழித்து, 2016 ஜூன் 23 அன்று, பிரிட்டனில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. விலக வேண்டும் என்று 51.9 சதவிகிதம் பேர் வாக்களித்தார்கள். அவர்களைக் கேலி செய்வது நம் வேலையல்ல. சண்டர்லாந்து, ஸ்டோக் போன்ற பழைய தொழில் நகரங்களில் கப்பல் கட்டும் தளமும் சுரங்கமும் பீங்கான் ஆலையும் மூடிக் கிடந்த தெருக்களிலிருந்து அந்த வாக்குகள் வந்தன. "கட்டுப்பாட்டைத் திரும்பப் பெறுவோம்" என்ற முழக்கம் அந்தத் தொழிலாளியின் காதில் இனிமையாக விழுந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த முழக்கத்தை எழுதியவர்கள் அதே தெருவில் குடியிருந்தவர்கள் அல்லர். "நாம் வெளியே வந்தால் உலக நாடுகள் நம்மோடு உடன்பாடு செய்ய வரிசையில் நிற்கும்" என்று அவர்கள் வாக்குறுதி கொடுத்தார்கள்.

பிரிட்டன் அந்தக் கூட்டில் சேர்ந்தது 1973 ஜனவரி 1 அன்று. அது சேர்ந்தபோதும் நமக்கு அடி விழுந்தது என்பது பலருக்கு மறந்து போயிற்று. 1932ஆம் வருஷத்து ஒட்டாவா மாநாட்டிலிருந்து காமன்வெல்த் நாட்டுச் சரக்குகளுக்கு பிரிட்டிஷ் துறைமுகங்களில் இருந்து வந்த சலுகை வரி, 1973க்குப் பிறகு படிப்படியாக இல்லாமல் போயிற்று. சேரும்போதும் நம்மைக் கேட்கவில்லை; விலகும்போதும் கேட்கவில்லை. அது போகட்டும்.

விலகும் பேச்சு எப்படி நடந்தது? 2017 மார்ச் 29 அன்று பிரிட்டன் முறைப்படி நோட்டீஸ் கொடுத்தது. ஒப்பந்தப்படி அன்றிலிருந்து இரண்டு வருஷக் கெடு ஓடத் தொடங்கியது. கெடுவை ஓடவிட்டது பிரிட்டன். கெடு முடிந்தால் அடி விழப்போவதும் பிரிட்டனுக்கு. எதிரே உட்கார்ந்த ஐரோப்பியப் பிரதிநிதி மிஷேல் பார்னியே முதல் நாளிலேயே நிபந்தனை போட்டார்: கொடுக்க வேண்டிய பாக்கிப் பணம், குடியிருக்கும் ஐரோப்பிய மக்களின் உரிமை, அயர்லாந்து எல்லை, இந்த மூன்றிலும் முன்னேற்றம் கண்ட பிறகுதான் வர்த்தகம் பற்றிப் பேச்சு. பிரிட்டிஷ் மந்திரி டேவிட் டேவிஸ், இந்த வரிசையை எதிர்த்துக் கோடைகாலம் முழுவதும் சண்டை போடுவோம் என்று முன்பு சொல்லியிருந்தார். 2017 ஜூன் 19 அன்று பேச்சு தொடங்கியது. அன்று மாலைக்குள் வரிசையை ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். எதை முதலில் பேசுவது என்பதை எவன் தீர்மானிக்கிறானோ அவனிடம்தான் பலம் இருக்கிறது என்பது சங்கத்தில் நான்கு முறை பேச்சுவார்த்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். போனஸ் பேசப் போனால், முதலில் உற்பத்தி இலக்கைப் பேசுவோம் என்பான். இலக்கை ஒப்புக்கொண்ட பிறகு போனஸைப் பேச நம்மிடம் என்ன மிச்சம் இருக்கும்?

பிரிட்டனின் ஏற்றுமதியில் கிட்டத்தட்ட பாதி ஐரோப்பிய யூனியனுக்குப் போய்க்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்தில் 27 நாடுகள், 45 கோடி மக்கள். இந்தப் பக்கத்தில் ஏழு கோடிக்கும் குறைவு. ஐரோப்பாவுக்கும் நஷ்டம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நஷ்டம் 27 வீடுகளில் பங்கு பிரிந்து போகும். இங்கே ஒரே வீட்டில் விழும்.

பிரதமர் தெரசா மே, "மோசமான உடன்பாட்டைவிட உடன்பாடே இல்லாமல் போவது மேல்" என்று 2017 ஜனவரியில் முழங்கினார். ஆனால் உடன்பாடு இல்லாமல் விலகக் கூடாது என்று 2019 செப்டம்பரில் அவர்களுடைய பாராளுமன்றமே சட்டம் போட்டுத் தடுத்தது. வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை ஷிப்டுக்கு அட்டையோடு வரிசையில் நிற்பவனை எந்த மேனேஜர் பயப்படுவான்? கடைசியில் 2020 ஜனவரி 31 அன்று விலகினார்கள். வர்த்தக உடன்பாடு அந்த வருஷம் டிசம்பர் 24 அன்று, கெடுவுக்கு ஒரு வாரம் முன்புதான் முடிந்தது.

மீனவர்கள் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விலகும் இயக்கத்துக்குக் கொடியாக இருந்தவர்கள் பிரிட்டிஷ் மீனவர்கள். "நம் கடல், நம் மீன்" என்றார்கள். நம் ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கத்து மக்களுக்கு அந்த உணர்ச்சி புரியும். கடல் அவர்களுடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் பிடிக்கும் மீனில் பெரும்பகுதியை வாங்கித் தின்பவர்கள் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் இருந்தார்கள். கடலை மூடினால் சந்தையை மூடுவோம் என்றான் எதிரி. ஐரோப்பியப் படகுகள் பிரிட்டிஷ் கடலில் பிடித்து வந்த பங்கில் 25 சதவிகிதம் மட்டும் படிப்படியாகத் திரும்பக் கிடைத்தது. அதுவும் 2026 ஜூன் வரையிலான ஏற்பாடு. பிறகு 2025 மே 19 அன்று, உணவுப் பண்டங்களுக்கு எல்லையில் சோதனையைக் குறைக்கும் பேச்சுக்காக, ஐரோப்பியப் படகுகளுக்கு 2038 வரை அனுமதியை நீட்டித்துக் கொடுத்தார்கள். எந்த மீனவனின் பெயரைச் சொல்லி வெளியேறினார்களோ, அவனையே மேசையில் வைத்துப் பேரம் முடித்தார்கள். இதை நாம் மறந்துவிடலாகாது. பின்னால் நம் விஷயத்துக்கு வரும்போது இது உதவும்.

சரி, வெளியே வந்த பிறகு மற்ற நாடுகளோடு பேசியதில் என்ன கிடைத்தது?

ஆஸ்திரேலியாவோடு 2021 டிசம்பரில் கையெழுத்து. அதனால் நீண்ட காலத்தில் பிரிட்டனின் பொருளாதாரம் 0.08 சதவிகிதம் வளரும் என்று பிரிட்டிஷ் அரசே கணக்குப் போட்டது. ஐரோப்பாவை விட்டதனால் உற்பத்தித் திறனில் நீண்ட காலத்தில் 4 சதவிகிதம் நஷ்டம் என்று அவர்களுடைய வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம் மதிப்பிட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடன்பாடு நடந்தபோது விவசாய மந்திரியாக இருந்த ஜார்ஜ் யூஸ்டிஸ், பதவியை விட்டு இறங்கிய பிறகு 2022 நவம்பரில் பாராளுமன்றத்தில் எழுந்து, இது பிரிட்டனுக்கு அவ்வளவு நல்ல உடன்பாடல்ல என்றார். காரணமும் சொன்னார்: 2021 ஜூனில் நடக்க இருந்த ஜி-7 மாநாட்டுக்கு முன்பே முடித்துக் காட்ட வேண்டும் என்று மந்திரி லிஸ் ட்ரஸ் தேதி குறித்துவிட்டார், எதிர்ப்பக்கம் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு கறந்துவிட்டது. கனடாவோடு பேச்சு 2024 ஜனவரியில் மாட்டிறைச்சியிலும் பாலாடைக்கட்டியிலும் சிக்கி நின்றுபோயிற்று.

அமெரிக்காவில் மட்டும் ஒரு விஷயத்தில் விலகியவனுக்கு லாபம். 2025இல் டிரம்ப் எல்லார் மீதும் வரி போட்டபோது பிரிட்டன் மே 8 அன்று தனியாகப் போய் 10 சதவிகிதத்தில் முடித்தது. ஐரோப்பிய யூனியனுக்கு ஜூலையில் 15 விழுந்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் பேசினால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம். சின்ன நாடு சீக்கிரம் பேச முடியும். 27 பேரைச் சம்மதிக்க வைக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கு விலையாக 140 கோடி லிட்டர் அமெரிக்க எத்தனாலை வரியில்லாமல் இறக்க அனுமதித்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே ஹல் நகருக்கு அருகிலுள்ள விவர்கோ எத்தனால் ஆலையை மூடுவதாக அறிவிப்பு வந்தது. கார் ஆலையில் வேலை தப்பியது, எத்தனால் ஆலையில் வேலை போயிற்று. இரண்டு ஆலைத் தொழிலாளிகளையும் யாரும் கேட்கவில்லை.

இப்போது நம் பக்கம் வருவோம்.

இந்தியாவோடு பேச்சு 2022 ஜனவரியில் தொடங்கியது. அந்த ஏப்ரலில் இங்கே வந்த பிரதமர் போரிஸ் ஜான்சன், தீபாவளிக்குள் முடித்துவிடுவோம் என்று அறிவித்தார். தோழர்களே, தீபாவளிக்கு முன்னால் கணக்கு முடிய வேண்டும் என்று எவன் பறக்கிறானோ அவனுக்குப் போனஸ் குறைவாகத்தான் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியாதா! பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்க வேண்டும், ஊருக்கு பஸ் பிடிக்க வேண்டும் என்று நாம் கடிகாரத்தைப் பார்ப்பதை முதலாளி கவனித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். ஜான்சன் தன் அவசரத்தை ஊர் அறியச் சொல்லிவிட்டார். புதுதில்லி காத்திருந்தது. அந்தத் தீபாவளியும் போயிற்று, ஜான்சனும் போனார், ட்ரஸும் போனார், ரிஷி சுனக்கும் போனார். நான்காவது பிரதமர் கீர் ஸ்டார்மர் காலத்தில், 2025 மே 6 அன்று பேச்சு முடிந்தது.

பிரிட்டன் எதை வாங்கிக்கொண்டு போயிற்று? ஸ்காட்ச் விஸ்கிக்கு இங்கே இருந்த 150 சதவிகித வரி உடனே 75 ஆகவும், பத்து வருஷத்தில் 40 ஆகவும் இறங்கும். நூறு சதவிகிதத்துக்கு மேல் வரி கட்டி வந்த கார்களில் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு வரி 10 சதவிகிதம் வரை குறையும். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட மத்திய அரசு டெண்டர்களில் பிரிட்டிஷ் கம்பெனிகளும் கலந்துகொள்ளலாம். இந்தக் கடைசி விஷயத்தைப் பத்திரிகைகள் விஸ்கி அளவுக்குப் பேசவில்லை. ஆனால் பெரிய விஷயம் இதுதான். அரசுக் கொள்முதல் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதற்கு நம் வாசலில் ஓடும் மஞ்சள் தட மெட்ரோவே சாட்சி. பெட்டிகளுக்கான ஆர்டர் ஒரு சீனக் கம்பெனிக்குப் போனது. உள்நாட்டில் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையால் கடைசியில் பெரும்பாலான பெட்டிகளை வங்காளத்தில் டிட்டாகர் ஆலையில் செய்தார்கள். வண்டி தாமதமாக வந்தது உண்மை, ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 2025 ஆகஸ்ட் 10 அன்றுதான் திறந்து வைத்தார்கள். அதுவரை ஒசூர் ரோட்டு நெரிசலில் நாம் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும். ஆனாலும் "இங்கே செய்து கொடு" என்று சொல்லும் உரிமை ஒரு நாட்டின் கையில் இருக்க வேண்டிய உரிமை. அதில் ஒரு கண்ணியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறோம்.

பிரிட்டனுக்கு டூல் ரூம் கைதேர்ந்தவரின் நிலை இருந்தது விஸ்கியில்தான். ஸ்காட்ச் விஸ்கியை வேறு நாட்டான் செய்ய முடியாது. அதில் தனக்கு வேண்டியதை முதலிடத்தில் வைத்துப் பேச, தனியாக வந்தது உதவியது. கூட்டில் இருந்தால் பிரெஞ்சுக்காரனின் ஒயினும் ஜெர்மானியனின் காரும் முன்னால் நின்றிருக்கும். ஆனால் அந்தச் சலுகை எத்தனை நாள் தனிச்சலுகையாக இருந்தது? 2026 ஜனவரி 27 அன்று ஐரோப்பிய யூனியனோடும் பேச்சு முடிந்துவிட்டதாகப் புதுதில்லியில் அறிவித்தார்கள். 2007இல் தொடங்கி, 2013இல் நின்று, 2022இல் மறுபடி தொடங்கிய பேச்சு அது. அதில் மதுவகைகளுக்கும் வரி இறக்கம் உண்டு. கார்களுக்கோ ஆண்டுக்கு 2,50,000 வரை 10 சதவிகித வரிக்கு வழி. பெரிய சந்தையைக் கையில் வைத்திருப்பவன் நிதானமாக வந்து பெரிய கோட்டா வாங்கிக்கொண்டான். முந்தி வந்தவனுக்குக் கிடைத்தது சில மாதத்து முந்துதல்.

நமக்கு என்ன கிடைத்தது? இந்தியச் சரக்குகளில் 99 சதவிகித இனங்களுக்கு பிரிட்டனில் வரி கிடையாது. ஆயத்த ஆடைக்கு 12 சதவிகிதம் வரை இருந்த வரி போகிறது. வங்காளதேசத்துச் சட்டை ஏற்கனவே வரியில்லாமல் லண்டனில் இறங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் திருப்பூரும் பெங்களூரும் இந்த வரியை நீக்கச் சொல்லி வெகுகாலமாகக் கேட்டு வந்தன. இது நல்ல செய்தி, மறுக்கவில்லை. இங்கிருந்து தற்காலிகமாக அனுப்பப்படும் ஊழியரும் அவருடைய கம்பெனியும் அங்கே சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்ட வேண்டியதில்லை. இங்கே பிராவிடண்ட் பண்டு கட்டினால் போதும். இதனால் 4,000 கோடி ரூபாய்க்கு மேல் மிச்சம் என்று நம் சர்க்கார் சொல்கிறது. மிச்சம் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு. விசா விஷயத்தில் பிரிட்டன் அசையவில்லை. சமையல்காரர், யோகா ஆசிரியர், சாஸ்திரிய சங்கீதக்காரர் என்று வருஷத்துக்கு 1,800 பேருக்கு மட்டும் இடம் ஒதுக்கினார்கள். இட்லி வேகவைக்கத் தெரிந்தவருக்கு வழியுண்டு. இரும்பு வேகவைக்கிறவருக்கு இல்லை.

மருந்தில், காப்பு வருஷம் முடிந்தபின்னும் போட்டிக் கம்பெனியைத் தடுத்து வைக்கும் தரவு ஏகபோகத்துக்கு இந்தியா ஒப்பவில்லை. நம் பேட்டைக்கு இது மிக முக்கியம். ஆனால் பேடண்டுக்காரன் தானாக முன்வந்து உரிமம் கொடுப்பதே உகந்த வழி என்று ஒரு வாசகத்தை உள்ளே விட்டிருக்கிறார்கள். கட்டாய உரிமம் என்ற ஆயுதம் உறையில் இருக்கிறது; உறையின் வாயைக் கொஞ்சம் தைத்துவிட்டார்கள்.

இனித் தொழிலாளர் அத்தியாயம். ஆம், இந்த உடன்பாட்டில் தொழிலாளர் பற்றியே ஒரு அத்தியாயம் இருக்கிறது; இந்தியா செய்த உடன்பாடுகளில் இது அபூர்வம். படித்தால் நெஞ்சு குளிரும். ஆனால் விஸ்கி வரியில் ஒரு சதவிகிதம் தவறினால் நடுவர் குழுவுக்குப் போகலாம்; தொழிலாளர் அத்தியாயத்தை மீறினால் அந்தக் குழுவுக்குப் போக முடியாது. கூடிப் பேசலாம், அவ்வளவே.

இது வெறும் காகித விஷயமல்ல. 2020 ஏப்ரலில் கர்நாடகத் தையல் தொழிலாளர்களுக்கு வரவேண்டிய பஞ்சப்படி உயர்வு, மாதம் 417 ரூபாய், தரப்படவில்லை. நான்கு லட்சம் பேருக்கு மேல் பாதிப்பு. கொரோனாவைக் காரணம் காட்டித் தள்ளிப் போட்டார்கள். ஹைகோர்ட் சொல்லியும் தரவில்லை. அந்தச் சட்டைகளை விற்ற கடைகள் லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் இருந்தன. அந்தக் கம்பெனிகளின் பெயர்கள் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்து, அவர்கள் இங்கே கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகுதான், 2022 தொடக்கத்தில் பெரும்பாலான ஆலைகள் பாக்கியைக் கொடுத்தன. ஏறத்தாழ இரண்டு வருஷம்! 12 சதவிகித வரி போய்விட்டால் அந்த 12இல் எத்தனை பைசா தையல் மிஷினுக்கு வரும் என்று கேட்டால், உடன்பாட்டில் பதில் இல்லை. வாங்குகிறவன் விலையைக் குறைக்கச் சொல்வான், ஆலைக்காரன் லாபத்தைக் கூட்டுவான். மூன்றாவது ஆள் யார் என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

நம் நாடும் ஒரு கூட்டின் வாசல் வரை போய்த் திரும்பிய நாடு என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தும் சேர்ந்த ஆர்செப் என்ற பெரிய வர்த்தகக் கூட்டுக்காக இந்தியா ஏழு வருஷம் பேசியது. 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில், சேரமாட்டோம் என்று எழுந்து வந்தது. மற்ற 15 நாடுகள் அடுத்த வருஷம் கையெழுத்திட்டன. நந்தினிக்குப் பால் ஊற்றும் கர்நாடக விவசாயியும், ஆவினுக்கு ஊற்றும் கிருஷ்ணகிரி, தருமபுரி விவசாயியும் நியூசிலாந்துப் பால் பவுடரை நினைத்து அன்று கவலையில் இருந்தார்கள். நம்மில் பலருடைய வீட்டில் ஊரில் இரண்டு மாடு இன்னும் நிற்கிறது. அந்த எதிர்ப்புக்கு மதிப்பு இருந்தது. பிறகு நியூசிலாந்து தனியாக வந்து பேசி, 2025 டிசம்பர் 22 அன்று பேச்சு முடிந்ததாக அறிவித்தபோது, பால் பொருள்களை இந்தியா வெளியே வைத்துவிட்டது. 140 கோடிப் பேர் சந்தையைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு வருஷம் காத்திருந்தவனுக்கு முடிந்தது அது. பிரிட்டனுக்கு முடியவில்லை.

ஆனால் அதே இந்தியா, தன்னைவிடப் பெரிய சந்தைக்காரன் எதிரே நின்றபோது என்ன ஆயிற்று? 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 சதவிகித வரி போட்டது. திருப்பூர் பின்னலாடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. ஆர்டர் நின்றது, ஓவர்டைம் நின்றது, பல இடங்களில் ஷிப்டே நின்றது. அப்போதுதான் பிரிட்டனும் ஐரோப்பாவும் நமக்கு அவசரமாகத் தேவைப்பட்டன. தராசுத் தட்டு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். விலகி நிற்பது பலமா பலவீனமா என்பது, போய் நிற்க வேறு வாசல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

ஆகவே நம் சங்கம் மூன்று கோரிக்கைகளை எழுதியிருக்கிறது. மாநிலத் தொழிலாளர் இலாகாவுக்கும் இரண்டு மாநில எம்.பி.க்களுக்கும் அனுப்ப இருக்கிறோம். வர்த்தகப் பேச்சுக்கு ஆலோசனை கேட்கும்போது முதலாளி சங்கங்களை மட்டும் கூப்பிடாமல் தொழிற்சங்கங்களையும் கூப்பிட வேண்டும். கையெழுத்துக்கு முன்பே வாசகத்தைப் பாராளுமன்றத்தில் வைத்துக் கன்னடத்திலும் தமிழிலும் வெளியிட வேண்டும். வரிச் சலுகை பெறும் ஏற்றுமதி ஆலை, குறைந்தபட்சக் கூலியும் பஞ்சப்படியும் பாக்கியில்லாமல் கொடுத்ததற்குச் சான்று காட்ட வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அந்தச் சான்று பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் நம் பேட்டையில் பாதிப் பேர் அந்தக் காகிதத்துக்கு வெளியே நிற்பார்கள்.

இதற்கு நமக்கு ஒரு விவரம் தேவை. உங்கள் ஆலையில் செய்யும் சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது, பெட்டியின் மேல் யாருடைய பெயர் ஒட்டப்படுகிறது என்று ஒவ்வொருவரும் பார்த்து வந்து அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும். பாக்கிங் பிரிவில் இருப்பவர்களுக்கு இது சுலபம். மற்றவர்கள் அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இப்போது கேள்வி நேரம். தையல் ஆலைச் சகோதரிகளுக்குக் கடைசி பஸ் போய்விடும், ஆகவே அவர்கள் முதலில் கேட்கட்டும்.